உண்டு என்று எழுதிய நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

வளப்பூர் நாடு,
கொல்லிமலை.
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் கதிரேசன் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய அர்த்தனாரி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் தங்கை மாதம்மாளும், தங்கள் மருமகள் அருணாவும், கறவை மாடு இரண்டும் உடம்பளவில் சுகம். அங்கே ராசிபுரத்தில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டுகிறேன். போன வாரம் ஒரு மழை பெய்தது. பலா இந்த வருசம் நல்ல காய்ப்பு. நல்ல செய்தி இதோடு முடிந்தது. இதற்குக் கீழே உள்ளதைக் கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படிக்கவும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பீர்கள். போனில் பேசுவதை ஒட்டுக்கேட்க வழி இருக்கிறதாம், அதற்கென்று அருணாவின் படிப்பில் தனியாக ஒரு பாடமே இருக்கிறதாம். அதைக் கேட்ட நாளிலிருந்து நான் போனில் மழையையும் மாட்டையும் தவிர எதையும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது, ‘ஏன் மாப்பிள்ளை, அடுத்தவன் ஊட்டுல உக்காந்து பேசற மாதிரி பேசறீங்க’ என்று கேட்டீர்களே, அதற்குக் காரணம் இதுதான். ஆகவே இந்தக் கடுதாசியைக் கண்டக்டர் ராசப்பன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரம் பிடிக்கும், மலை இறங்குவதற்குள் முடிக்க மாட்டான்.

விசயத்துக்கு வருகிறேன். அருணா டெல்லிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பயங்கரவாத எதிர்ப்புக் கொள்கை என்ற மேல்படிப்பு படிக்கிறாள். அவள் சேர்ந்த அன்றைக்கு, நம் குடும்பத்தில் இரண்டாவது போலீஸ் என்று நீங்கள் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தீர்கள். அது போலீஸ் படிப்பு இல்லை என்று அவள் சொன்னதை நீங்களும் காதில் வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை. இப்போது கடைசி வருசத்துக்கு ஒரு ஆராய்ச்சி எழுத வேண்டுமென்று ஊருக்கு வந்திருக்கிறாள். ஒருநாள் பலாச்சுளை உரித்துக்கொண்டே, அது என்னதான் படிப்பு என்று கேட்டேன். “குண்டு வெக்கறவனப் புடிக்கறது மாமா மாதிரி போலீஸ்காரங்க வேலைப்பா. அவன் அந்த மாதிரி ஆகறதுக்கு முன்னால அவங்க ஊட்டுல ஆராச்சும் கவனிச்சாங்களா, கவனிச்சா ஆருகிட்டச் சொன்னாங்க, சொல்றதுக்குப் பயந்தாங்களா, அதத்தான் நாங்க படிக்கறோம்” என்றாள். நம் மலையில் அப்படி யார் இருக்கிறார்கள் கண்ணு என்றேன். “ஆரும் இல்லாத ஊரு ஒண்ணு வேணும்ப்பா, இருக்கற ஊரோட வெச்சுப் பாக்கறதுக்கு. எங்க புரொபசர்கிட்ட, எங்கூர மாதிரி அமைதியான ஊரு இந்தியாவுலயே கிடையாதுன்னு சொல்லி வாங்கிட்டு வந்திருக்கறேன்” என்றாள். மச்சான், இந்த வாக்கியத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளவும். எனக்கு இப்போது சோறு இறங்காமல் இருப்பது இதனால்தான்.

அவள் ஒரு படிவம் தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். தமிழில்தான், பதின்மூன்று கேள்வி. மேலேயே பெரிய எழுத்தில், பெயர் எழுத வேண்டாம் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு ஒரு படிவம், ஒரு கவர். எழுதி முடித்ததும் அவரவர் வீட்டிலேயே கவரை ஒட்டிவிட வேண்டும். அருணாகூடப் பிரித்துப் பார்க்கக் கூடாதாம், நேராக டெல்லிக்குப் போய் அங்கே வேறு ஆட்கள்தான் பிரிப்பார்களாம். அப்போதுதான் ஜனங்கள் பயமில்லாமல் உண்மையை எழுதுவார்கள் என்றாள். நல்ல பிள்ளை, நாலு எழுத்துப் படித்த பிள்ளை, ஆனால் நம் மலையில் ஒரு காகிதம் வந்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மறந்துபோய்விட்டது. முதல் நாள் நாலு வீட்டுக்குப் போனாள். நாலு வீட்டிலும் மோர் கொடுத்தார்கள், ஊர்க்கவுண்டரைக் கேட்காமல் எப்படி எழுதுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவும் நியாயம்தானே. ஊர்க்கூட்டத்தில் வைக்காமல் நம் வளப்பூர் நாட்டுக்குள் எந்தக் காகிதம் வீடு வீடாகப் போயிருக்கிறது.

ஆகவே ஊர்க்கவுண்டர் செல்லமுத்து, மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். அருணா எழுந்து நின்று அழகாகத்தான் பேசினாள். இது ஆராய்ச்சி, இதில் யாருக்கும் எதுவும் கிடைக்காது, யார் பெயரும் வெளியே தெரியாது என்று மூன்று தடவை சொன்னாள். யாருக்கும் எதுவும் கிடைக்காது என்று ஒருத்தி மூன்று தடவை சொன்னால் கேட்கிறவன் என்ன நினைப்பான் மச்சான். ஏதோ பெரிதாக வருகிறது, இந்தப் பெண் வெளியே சொல்லக்கூடாதென்று மேலே உத்தரவு என்றுதான் நினைப்பான். நம்ம ராமாயி எழுந்து, “ஏங்கண்ணு, இது வந்தா என்ன குடுப்பாங்க?” என்று கேட்டாள். ஒன்றும் கிடையாது என்று அருணா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கூட்டம் முடிவு செய்துவிட்டது. செல்லமுத்து கடைசியில் தீர்ப்பு மாதிரி சொன்னார்: “பாரத்த நம்ம அர்த்தனாரி ஊடூடாக் கொண்டுவருவாரு. ஒரு ஊடும் விட்டுப்போகக் கூடாது. போன தடவ மாதிரி ஆயிரக் கூடாது.”

போன தடவை என்றால் ஆட்டுப் பட்டியல். உங்களுக்கு நினைவிருக்கும். கணக்கெடுக்க வந்தவர், வீட்டில் ஆடு உண்டா என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள், இரண்டு ஆடு கிடைத்தது. நான் ஒருத்தன் மட்டும், பின்னால் கத்திக்கொண்டிருந்த ஆட்டை எப்படி மறைப்பது என்று, உண்டு என்றேன். என் பெயர் விட்டுப்போனது. அதற்கு முன்னால் தேனீப்பெட்டிப் பட்டியல். அதில் தேனீ வளர்த்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். அதிலும் விட்டுப்போனது. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அருணா ஆறாம் வகுப்பு போகும்போது விடுதிக்குப் பெயர் எடுக்க வந்தார்கள். பள்ளிக்கூடம் தூரமா என்று கேட்டார்கள். எம்மவளை நானே கொண்டுபோய் விட்டுக்கொள்வேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். நாலு நாள் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் மிளகு பறிப்பு வந்துவிட்டது. மூன்று வருசம் அந்தப் பிள்ளை காலையும் சாயங்காலமும் தனியாகக் காட்டுவழியில் நடந்தது. மழைக்காலத்தில் காலில் அட்டையோடு வந்து நிற்கும். ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அன்றைக்கே நான் மனதுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன், இனி எந்தக் காகிதம் வந்தாலும் என் வீடு அதில் விட்டுப்போகக் கூடாது, விட்டுப்போனால் அது அருணாவாக இருக்கக் கூடாது.

அதனால் முதல் படிவம் நம் வீட்டுப் படிவம்தான். எதைக் கேட்டாலும் உண்டு என்று போட்டால் விட்டுப்போகாது என்று கணக்குப் போட்டு, பின்கட்டில் மிளகு மூட்டையின் மேல் வைத்து நானே எழுதினேன். வீட்டில் யாராவது கொஞ்ச நாளாக மற்றவர்களோடு பேசாமல் ஒதுங்கி இருக்கிறார்களா? உண்டு. தெரியாத ஆட்களோடு போனில் நெடுநேரம் பேசுகிறார்களா? உண்டு, இங்கிலீசில். வன்முறை சம்பந்தமான புத்தகங்கள் படிக்கிறார்களா? உண்டு, இரண்டு பெட்டி. மச்சான், அதில் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை, அவள் ஆராய்ச்சி எழுதுகிறாள் என்பதை மட்டும் எழுதவில்லை, அதற்குக் கட்டமும் இல்லை. அவர் உங்களுக்கு என்ன உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். பெயர் எழுத வேண்டாம் என்று மேலே போட்டிருந்தாலும், பெயரில்லாத காகிதம் எந்த ஆபீசில் நின்றிருக்கிறது. அ. அருணா என்று எழுதி, ஆதார் எண்ணும் எழுதி, போட்டோவும் ஒட்டினேன். பெண்பிள்ளை பேரில் போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

அப்புறம் மூன்று நாள் வீடு வீடாகப் போனேன். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதினேன். சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் போனவர் உண்டா என்ற கேள்விக்கு ராமாயி, திருப்பூர் போன மகன் சந்தோஷ்குமார் பேரைச் சொல்லி, மூன்று மாதமாகப் போன் எடுப்பதில்லை, அழுத்தி எழுதுங்கள் என்றாள். வெடிமருந்து கையாளத் தெரிந்தவர் உண்டா என்றதும் மாணிக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். திருவிழாவுக்கு வேட்டுப் போடுகிறவன் அவன்தானே. “நாப்பது வருசமா எங்கையில ஒரு திரி தப்புனதில்லீங்க, அதையும் சேத்து எழுதுங்க” என்றான். சேர்த்து எழுதினேன். சின்னுசாமி வீட்டில், பேசாமல் ஒதுங்கி இருப்பவர் யார் என்றதும் அவன், பொங்கலிலிருந்து தன்னோடு பேசாத பெண்டாட்டி பேரைச் சொன்னான். அடுப்படியிலிருந்து அந்த அம்மாள், “அவரு பேரையும் போட்டுக்குங்க, பேசாம இருக்கறது ஆருன்னு வந்து பாக்கட்டும்” என்றது. ஒரே படிவத்தில் இரண்டு பேர். அரசாங்கத்தின் மேல் கடுங்கோபம் உண்டா என்ற கேள்விக்கு விட்டிருந்த மூன்று வரி செல்லமுத்துக்குப் போதவில்லை. ரோடு, பஸ், காட்டுப்பன்றி என்று நாலு பக்கம் தனியாக எழுதி நூலில் கோத்து இணைத்தார். எல்லாரும் ஆதார் நகல் வைத்தார்கள். செம்மேட்டு ஜெராக்ஸ் கடையில் இரண்டு நாள் காகிதம் தீர்ந்துபோனது.

ஊரிலேயே ஒரே ஒரு ஆள்தான் எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று எழுதியது. பள்ளிக்கூடத்து டீச்சர் அமலோற்பவம். கீழே இருந்து மாற்றலாகி வந்தவர்கள், நம் நடைமுறை தெரியாது. கவரை ஒட்டுவதற்கு முன்னால் செல்லமுத்து அதைப் பார்த்துவிட்டார். “பாவம் வெளியூருப் பொம்பள, வெவரம் தெரியாம இல்லைன்னு போட்டிருக்குது. நாம இருக்கறப்ப அது எப்பிடி விட்டுப்போகும்” என்று சொல்லி, என் பேனாவையே வாங்கி, பத்து இடத்தில் இல்லை என்பதை அடித்து உண்டு என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அவர் நல்ல மனசுக்காரர், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் என்னைக் கொல்வது பன்னிரண்டாவது கேள்வி. இப்படிப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? படிவம் கொண்டுவந்தவன் நான், எழுதுகிறவன் நான், எதிரில் உட்கார்ந்திருக்கிறவனும் நான். எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தே பதில் சொன்னார்கள். நூற்றுப் பன்னிரண்டு படிவத்திலும் அந்த இடத்தை மட்டும் என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன்: அர்த்தனாரி, வளப்பூர் நாடு. கீழே என் போன் நம்பர். எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது மச்சான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பெருமை சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். கவர்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி வீட்டு மூலையில் வைத்தபிறகு, இதை டெல்லியில் என்ன செய்வார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அருணா விளக்கமாகச் சொன்னாள். எந்த ஊரில் எத்தனை பேர் ஆபத்தான பாதையில் போகிறார்கள் என்று பார்த்து, ஒரு குழுவுக்கு அறிக்கை போகுமாம். எங்கே ஆள் அனுப்ப வேண்டும், எங்கே கண்காணிக்க வேண்டும் என்று அந்தக் குழு யோசனை சொல்லுமாம். அவளுடைய புரொபசரும் அதில் இருக்கிறாராம். “நூறு ஊட்டுக்கு ஒண்ணு, ரெண்டு வந்தாலே அது பெரிய செய்திப்பா” என்றாள். எல்லாமே வந்தால் என்று கேட்டேன். “எல்லாமேவா? அப்பிடி ஒலகத்துல ஒரு ஊரு கிடையாதுப்பா” என்று சிரித்தாள். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி வெளியே போய் மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டேன். மாடு என்னையே பார்த்தது.

அன்றையிலிருந்து என் காது என் வசம் இல்லை. மலையடிவாரத்திலிருந்து எழுபது வளைவு இருக்கிறது, அதில் எந்த வளைவில் எந்த வண்டி ஆரன் அடித்தாலும் எனக்குப் போலீஸ் வேனாகத்தான் கேட்கிறது. நேற்று முற்பகல் நிஜமாகவே ஒரு வெள்ளை ஜீப் நம் தோட்டத்து வழியில் வந்து நின்றது. கதவு நாலும் ஒரே சமயத்தில் திறந்தது. நான் எப்போது பலாமரத்தில் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. கீழேயிருந்து ஒருவர் அண்ணாந்து பார்த்து, “அண்ணே, வாசலூர்பட்டி படகுத்துறைக்கு எப்படிப் போகணும்?” என்றார். இங்கே அப்படி யாரும் இல்லீங்க என்றேன். படகு இல்லையா என்று கேட்டார். “படகும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க, எல்லாம் நாந்தான் தப்பா எழுதுனதுங்க” என்றேன். அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் ஒரு பாட்டியம்மாளும் இரண்டு குழந்தைகளும் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். தங்கள் தங்கை வந்து, அரிவாள் இல்லாமல் மரத்தில் ஏறி என்ன பறிக்கிறீர்கள் என்று கேட்டாள். அவளுக்கும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, தங்கை என்றாலும் உண்மை உண்மைதானே.

இறங்கியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். வீடு வீடாகப் போய், பதிலை இல்லை என்று மாற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிடுவது, பிறகு அருணாவிடம் சொல்லிப் புதுப் படிவம் எழுதுவது. முதலில் ராமாயி வீட்டுக்குப் போனேன். அக்கா, சந்தோஷ்குமார் பேரை எடுத்துவிடலாம், அது நல்லதுக்கு வந்த காகிதம் இல்லை என்றேன். ராமாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “எம்மவன் பேர எடுக்கச் சொல்றீங்களா? உங்க மவ பேர எடுத்துட்டீங்களா?” என்றாள். அதையும் எடுக்கத்தான் போகிறேன் என்றேன். “மொதல்ல எடுத்துட்டு வந்து சொல்லுங்க” என்றாள். அடுத்த வீட்டுக்கு நான் போய்ச்சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அர்த்தனாரி ஊரைக் கழித்துவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் வாங்கப் பார்க்கிறான் என்று பேச்சு. மாணிக்கம் வழியில் நிறுத்தி, “எம்பேரு மட்டும் இல்லாமப் போவுட்டும், அப்புறம் நடக்கறதே வேற” என்றான். மச்சான், வீட்டில் யாராவது மிரட்டிப் பேசுவது உண்டா என்பதுதான் பத்தாவது கேள்வி. அதற்கும் அவன் படிவத்தில் உண்டு என்றுதான் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேர் புதிதாக வந்து, அவரவர் வீட்டு மருமகளையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். இதே மலையில் அந்தப் பக்கம் இருக்கும் எடப்புளி நாட்டிலிருந்து ஒருவர், பஸ் ஏறி வந்து, எங்கள் பக்கம் எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது என் நிலைமை இதுதான். வெள்ளிக்கிழமை கூரியரில் சாக்குப் போகிறது. போனால், அமைதியான ஊர் என்று என் மகள் வாக்குக் கொடுத்த ஊரில் நூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு. அதில் முதல் கவரில் அவள் பெயர், அவள் போட்டோ, எழுதியது பெற்ற அப்பன். படிப்பு முடிந்து அரசாங்கத்தில் இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்கிறாள். அந்த வேலைக்கு முதலில் பார்ப்பதே, இப்படிப்பட்ட காகிதத்தில் எங்கேயாவது பெயர் இருக்கிறதா என்றுதானாம். சாக்கை அடுப்பில் போட்டுவிடலாம் என்றால், அவளுடைய வருசமே அதற்குள் இருக்கிறது. அந்தச் சாக்குக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறாள். அவ்வப்போது அதைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறாள். “அப்பா, நீங்க இல்லீன்னா இந்த வேல ஆயிருக்காதுப்பா” என்று நேற்றுச் சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மிச்சச் சோற்றை மாட்டுக்கு வைத்துவிட்டேன். எனக்கு ஜெயிலுக்குள் போகப் பயம்தான், ஆனால் அதைவிடப் பயம், இந்தப் பிள்ளை ஒருநாள் அந்தக் கவரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பது.

ஆகவே மச்சான், முப்பத்திரண்டு வருசம் காக்கிச் சட்டை போட்டவர் என்ற முறையில் சில சந்தேகங்களைத் தீர்த்துவைக்கவும். நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒருத்தனிடம்தான் சொல்வோம் என்று எழுதிக்கொடுத்தால், அந்த ஒருத்தன் சாட்சியா, குற்றவாளியா? எழுதினது நான், எழுதச் சொன்னது அவர்கள் என்றால் யாருக்கு எத்தனை வருசம்? உள்ளே போகிறவர்கள் சொந்தப் போர்வை கொண்டுபோகலாமா? குளிருக்குப் பழகின உடம்பு எனக்கு, கீழ்நாட்டு வெயிலில் அடைத்தால் தாங்குமா தெரியவில்லை. முக்கியமாக, வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் தாங்கள் புறப்பட்டு வந்துவிடவும். தாய்மாமன் என்ற உரிமையில் நீங்களே அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். அந்த நேரத்தில் நான் மேற்குக் காட்டில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பேன். அவள் அழுதால் கொஞ்ச நேரம் இருந்து தேற்றிவிட்டு, அழுகை நின்றதும் எனக்கு ஒரு குரல் கொடுக்கவும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லாரும் எந்தப் பட்டியலிலும் சிக்காமல், நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க அறப்பளீஸ்வரர் அருள் செய்வாராக. கடுதாசியை அடுப்பில் போட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்
அர்த்தனாரி.

பின்குறிப்பு. புதன்கிழமை காலை. பஸ் வருவதற்குள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வியாழக்கிழமை வர வேண்டாம். நேற்று நான் இதை எழுதி மடித்துவைத்த கொஞ்ச நேரத்தில் அமலோற்பவம் டீச்சர் வந்தார்கள். கடைக்குப் போன இடத்தில் செல்லமுத்து அவர்களைப் பார்த்து, கவலைப்படாதீங்க டீச்சர், உங்களையும் சேத்துட்டோம் என்று சொல்லியிருக்கிறார். எதில் சேர்த்தீர்கள் என்று அவர்கள் கேட்க, அவர் விளக்க, டீச்சர் நேராக அருணாவிடம் வந்துவிட்டார்கள். பத்து நிமிசத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அருணா டெல்லிக்குப் போன் போட்டாள், இங்கிலீசில் நெடுநேரம் பேசினாள், பிறகு புரொபசர் பிரிக்கச் சொல்லிவிட்டார் என்று சொல்லிச் சாக்கை அவிழ்த்தாள். முதலில் கைக்கு வந்தது முதல் கவர்தான். நான் ஓடியிருப்பேன், வாசலில் டீச்சர் நின்றிருந்தார்கள்.

முழுக்கப் படித்தாள். போட்டோவைத் தடவிப் பார்த்தாள். “ஏம்ப்பா எம்பேர எழுதுனீங்க?” என்றாள். “இதுலயும் நீ விட்டுப்போயிரக் கூடாதுன்னுதான் சாமி” என்றேன். அவள் எழுந்து பின்பக்கம் மிளகுக்கொடிகளுக்குள் போனாள். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அட்ட கடிச்ச கால ஆரு தொடச்சு வுட்டதுன்னு எனக்கு மறக்கலப்பா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அதற்குப் பிறகுதான் பயம் விட்டது.

வருசம் போகவில்லையாம். வீட்டில் இப்படி ஒருவர் உண்டா என்று கேட்டு ஊர் ஊராகப் பட்டியல் எடுக்கிறார்களே, அந்தக் கேள்விக்கு ஜனங்கள் எதற்குப் பயந்து என்ன பதில் சொல்கிறார்கள் என்று, நம் ஊரை வைத்தே ஆராய்ச்சி எழுதப் போகிறாள். ஆதாரும் போட்டோவும் இங்கேயே கிழிக்கப்பட்டுவிட்டன. ஒரு பெயரும் டெல்லிக்குப் போகாது. ஆகவே இந்தக் கடுதாசியை அடுப்பில் போட வேண்டாம், பத்திரமாக வைத்திருக்கவும், அவள் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டுமாம்.

ஒரு சிறு விசயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. புரொபசர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஊரை நேரில் பார்க்க சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். செல்லமுத்து அதைக் கேள்விப்பட்டு, பட்டியலைச் சரிபார்க்க டெல்லியிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார், எல்லாரும் ஊரில் இருக்க வேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டார். சந்தோஷ்குமார் திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டான், மூன்று மாதம் கழித்து ராமாயியிடம் போனில் பேசினான். ஆபீசர் இல்லை, ஒன்றும் கிடைக்காது என்று அருணா திரும்பவும் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

அவள் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன். இருந்தாலும் மச்சான், சனிக்கிழமை காலையில் தாங்கள் ஒரு நடை வந்துவிடுங்கள். தங்கள் ரேசன் கார்டு இன்னும் இங்கேதானே இருக்கிறது, அதனால் நாற்பத்தொன்றாவது படிவம் தங்களுடையது, அப்போதே நான் எழுதிச் சேர்த்துவிட்டேன். உண்டா என்று கேட்ட இடத்திலெல்லாம் உண்டு என்றுதான் போட்டிருக்கிறேன். ஆதார் நகலும் போட்டோ இரண்டும் புதிதாக எடுத்துக்கொண்டு வரவும், பழையதை அருணா கிழித்துவிட்டாள்.